சைபர் என்றால் சரி, ஒன்று என்றால்?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் இருந்தது. ஐம்பது வரிகூட இருக்காது. அதில் கோப்புகளை வேறு இடத்துக்கு நகல் எடுக்கும் ஆர்சிங்க் கட்டளை வரும் வரியின் கடைசியில் யாரோ இரண்டு செங்குத்துக் கோடு போட்டு, பக்கத்தில் ‘ட்ரூ’ என்று எழுதி வைத்திருந்தார்கள். ஷெல் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் இடம்) பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முன்னால் இருக்கும் கட்டளை தோற்றாலும் ஜெயித்ததாகவே வைத்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். ஃபெயிலான பையனுக்கும் பாஸ் போட்டு அடுத்த வகுப்புக்கு அனுப்புகிற வேலை.

அந்த ‘யாரோ’ நான்தான் என்பது, நிரலை யார் எப்போது மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் வரலாற்றைப் புரட்டியபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஏன் அப்படிச் செய்தேன் என்பது கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்துவிட்டது. தினமும் ராத்திரி இரண்டரை மணிக்கு ‘பேக்கப் தோல்வி, கோட் 24’ என்று ஒரு மெயில் வரும். முதல் வாரம் எழுந்து பார்த்தேன். எல்லாக் கோப்பும் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாவது வாரமும் அப்படித்தான். ஆர்சிங்க் முதலில் கோப்புகளின் பட்டியலை எடுக்கும், அப்புறம் ஒவ்வொன்றாக நகல் எடுக்கும். பட்டியல் எடுத்ததற்கும் நகல் எடுப்பதற்கும் நடுவில் ஏதாவது ஒரு கோப்பு அழிந்துபோனால், ‘பட்டியலில் இருந்தது இப்போது காணோம்’ என்று சொல்லிவிட்டு 24 என்ற எண்ணோடு முடியும். கட்டளை முடியும்போது சொல்லிவிட்டுப் போகும் இந்த எண்ணுக்கு எக்ஸிட் கோட் என்று பெயர். எங்கள் சர்வரில் தற்காலிகக் கோப்புகள் நிமிடத்துக்கு நாலு பிறக்கும், நாலு சாகும். 24 வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்றாவது வாரம் எனக்குத் தூக்கம் முக்கியமாகப்பட்டது. வாயை அடைத்துவிட்டேன்.

சில மாதம் கழித்து பேக்கப் போகும் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஆர்சிங்க் ஒவ்வொரு ராத்திரியும் 11 என்று முறையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. ஒன்பதாவது நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தெரியாமல் அழித்த எக்ஸெல் கோப்பு ஒன்றைக் கேட்டு வந்தபோது விஷயம் வெளியே வந்தது.

அன்றைக்கு நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். லாகில் (நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பில்) அடுத்தடுத்து இரண்டு வரி. முதல் வரியில் ‘சாதனத்தில் இடமில்லை’ என்ற செய்தியும் அடைப்புக்குறிக்குள் 28-ம் இருந்தன. இரண்டாவது வரியில் ‘கோப்பில் எழுதுவதில் பிழை, கோட் 11’. கூட வேலை பார்த்த தம்பி வெளியூரிலிருந்து போனில் உதவி செய்துகொண்டிருந்தான். நான் அவசரத்தில் “28-னு ஒரு எரர் வந்திருக்கு, பாரு” என்று மட்டும் சொன்னேன். “அண்ணா, டைம்அவுட்டாம், நெட்வொர்க்கைப் பாருங்க” என்றான். அவன் பார்த்தது, இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்ல் கட்டளையின் பட்டியல். அங்கே 28 என்றால் நேரம் கடந்துவிட்டது என்றுதான் பொருள். எங்கள் லாகில் இருந்த 28, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பிழை எண். 11-தான் ஆர்சிங்க் வெளியேறும்போது சொல்லிவிட்டுப் போன எண். அரை மணி நேரம் ஸ்விட்சையும் கேபிளையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஆர்சிங்க் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதன் கையேட்டில் 11 இருக்கிறது, 24 இருக்கிறது. போதாக்குறைக்கு, 24-ஐ மட்டும் பொறுத்துக்கொள்வதற்கென்றே ஒரு குட்டி ஸ்கிரிப்டை அதன் மூல நிரலோடு சேர்த்தே தருகிறார்கள். குற்றம் எங்கள் பேக்கப் ஸ்கிரிப்டுக்கு நாங்களே எழுதிய ஒரு பக்கக் குறிப்பில் இருந்தது. ‘வெற்றி என்றால் 0, இல்லையென்றால் வேறு எண்.’ அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

அப்போது பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. புதிதாக எந்தக் கட்டளையின் கையேட்டைத் திறந்தாலும் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போய், வெளியேறும்போது என்ன எண் தரும் என்று எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையை எடுத்ததும் முகூர்த்த நேரத்தை விட்டுவிட்டுச் சாப்பாடு எங்கே என்று தேடுகிற மாதிரி.

ஒரு கட்டளை திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அது மனிதர்களுக்கு. இன்னொரு நிரலிடம் அது சொல்லிவிட்டுப் போவது ஒரே ஒரு எண், அதுவும் எட்டு பிட். 0 முதல் 255 வரைதான். அதற்கு மேல் கொடுத்தால் மேல்பகுதி வெட்டுப்பட்டுப் போகும். எத்தனை சோதனை தோற்றதோ அந்த எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் தருகிற நிரல்களைப் பார்த்திருக்கிறேன். சாமர்த்தியமான யோசனைதான். சரியாக 256 சோதனை தோற்கும் அன்றைக்கு அது 0 ஆகிவிடும், விளக்கு பச்சையில் எரியும்.

இந்த எண்ணைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மிஸ்டு கால் ஞாபகம் வரும். ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கும் அப்பாவுக்கும் ஓர் ஒப்பந்தம். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டேன். இரண்டு ரிங் என்றால் ஊருக்கு வருகிறேன், பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வா. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா குளிக்கப் போன நேரத்தில் மணி அடித்தால் அம்மா ஓடிவந்து போனை எடுத்துவிடுவார். என் காசு போகும். ஒருமுறை நான் ஒரு ரிங்தான் விட்டேன், அங்கே என்னவோ இரண்டு அடித்திருக்கிறது. அப்பா ராத்திரி பதினோரு மணி வரை டிவிஎஸ் 50-ஐ ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ்காரர்கள் இதை எழுதி வைக்காமல் இல்லை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்புக் கையேட்டில், கோப்புக்குள் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையின் பக்கத்தைப் பாருங்கள். பொருத்தம் கிடைத்தால் 0, ஒன்றுமே கிடைக்காவிட்டால் 1, கொடுத்த தேடல் வடிவம் தவறாக இருந்தாலோ கோப்பைத் திறக்க முடியாவிட்டாலோ 2. ஒரே வாக்கியம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த மூன்று எண்ணும் அப்படியே நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கையேட்டு வாக்கியம் எது என்று யாராவது கேட்டால் (யாரும் கேட்க மாட்டார்கள்) இதைத்தான் சொல்வேன்.

அந்த 1-ஐக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்க்க வேண்டும். அது பிழை கிடையாது. ‘தேடினேன், இல்லை’ என்கிற நேர்மையான பதில். டிஃப் கட்டளையும் இதே வழக்கம்தான்: இரண்டு கோப்பும் ஒன்று என்றால் 0, வித்தியாசம் இருந்தால் 1, உண்மையிலேயே ஏதாவது கோளாறு என்றால் 2. இவற்றின் 0-உம் 1-உம் ஆம், இல்லை என்கிற இரண்டு பதில்கள். 2-தான் ‘என்னால் பதில் சொல்ல முடியவில்லை’. ‘சைபர்னா சரி, மத்ததெல்லாம் தப்பு’ என்று படித்துவிட்டு வருகிறவன், பிழைச்செய்தி ஏதாவது இருக்கிறதா என்று லாகில் கிரெப் போட்டுத் தேடும் ஸ்கிரிப்ட் எழுதுவான். பிழையே இல்லாத நல்ல நாளில் கிரெப் 1 தரும், ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுபோகும்.

பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் டார் கட்டளையின் 1 இன்னொரு தினுசு. ஜிஎன்யூ டாரில், மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போதே ஏதாவது ஒரு கோப்பு மாறிவிட்டால் 1 வரும். மூட்டை இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பது அசலின் அச்சு நகல் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆமும் இல்லை, இல்லையும் இல்லை. என் அனுபவத்தில் ராத்திரி மெயில்களில் பெரும்பாலானவை இந்த நடுத்தர நிலையிலிருந்துதான் வருகின்றன. கையேடு எழுதுகிறவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான்.

எழுதியிருக்கிறார்கள் சரி, எங்கே எழுதியிருக்கிறார்கள் என்பது அடுத்த தலைவலி. கிரெப்பில் ‘எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று தலைப்பு. ஆர்சிங்கில் ‘எக்ஸிட் வேல்யூஸ்’. கர்லில் ‘எக்ஸிட் கோட்ஸ்’. சாஃப்ட்வேர் நிறுவும் ஆப்ட்-கெட்டில் ‘டயக்னாஸ்டிக்ஸ்’. கோப்புகளைப் பட்டியலிடும் ஜிஎன்யூவின் எல்எஸ்ஸில் தனித் தலைப்பே கிடையாது, விளக்கப் பகுதியின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் ஒரே காயை ஒரு பக்கம் சௌசௌ என்பார்கள், இன்னொரு பக்கம் பெங்களூர் கத்திரிக்காய் என்பார்கள். சந்தையில் கையை நீட்டிக் காட்டிவிடலாம். மேன் பேஜில் (கையேட்டுப் பக்கத்தில்) சாய்கோடு போட்டுத் தேடுகிறவன் எந்தப் பெயரைத் தட்டுவான்?

யூனிக்ஸின் ஒரு கிளையான பிஎஸ்டி ஆட்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவர்கள் கையேடு எழுதப் பயன்படுத்தும் எம்டாக் மொழியில் ஒரு சின்ன மேக்ரோ உண்டு. அதைப் போட்டால் ‘இந்தக் கட்டளை வெற்றி என்றால் 0 தரும், பிழை நேர்ந்தால் 0-ஐ விடப் பெரிய எண் தரும்’ என்ற பொருளில் ஒரு வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாப் பக்கத்திலும் அட்சரம் பிசகாமல் அதே வாக்கியம். நிரலாளர்கள் சி மொழியிலிருந்து அழைக்கும் பங்ஷன்களின் கையேட்டுக்கும் இதே மாதிரி இன்னொரு மேக்ரோ இருக்கிறது.

நான் இதை ரொம்ப நாள் மெச்சிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு இல்லை. பார்த்த இடத்தில் பார்த்த தலைப்பு கிடைப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ரெடிமேட் வாக்கியம் கையில் இருக்கும்போது, இந்தக் கட்டளைக்கு அது பொருந்துமா என்று யோசிக்க யாருக்கும் தோன்றாது. ‘பிழை நேர்ந்தால்’ என்கிறதே, எது பிழை? இல்லாத கோப்பை அழிக்கச் சொன்னால் பிழையா? ஆர்எம் கட்டளை பிழை என்று சொல்லும். அதே ஆர்எம்முக்கு எஃப் ஆப்ஷனைக் கொடுத்தால் 0 தந்துவிட்டுப் பேசாமல் போய்விடும். ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டரை உருவாக்கச் சொன்னால் எம்கேடிர் சண்டைக்கு வரும், பி ஆப்ஷன் போட்டால் வராது. அந்த ஒற்றை எழுத்துகள் கேள்வியையே மாற்றிவிடுகின்றன. ‘அழித்தாயா?’ என்பது ‘இப்போது அது இல்லை அல்லவா?’ என்று ஆகிவிடுகிறது.

எண்ணைப் பார்த்துப் பொருள் ஊகிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது 100. லினக்ஸில் டெபியன், உபுண்டு பக்கம் ஆப்ட்-கெட் 100 தந்தால் பிழை. ரெட்ஹாட் பக்கம் அதே வேலையைச் செய்யும் யம்மிடம் அப்டேட் ஏதும் இருக்கிறதா என்று கேட்டு 100 வந்தால், ‘இருக்கிறது, எடுத்துக்கொள்’ என்று பொருள். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கட்டளை, ஒரே எண், ஒன்று அழுகிறது, இன்னொன்று கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறது. விண்டோஸின் ரோபோகாப்பி இன்னும் ஒரு படி மேலே: கோப்புகளை ஒழுங்காக நகல் எடுத்தால் 1. நகல் எடுக்க எதுவுமே இல்லாவிட்டால்தான் 0. எண்களைக் கூட்டிச் சொல்லும் வழக்கம் வேறு. 8-க்குக் கீழே இருந்தால் நகல் தோல்வி ஏதும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகேவும் கூட்டல்காரர்தான்: பிழைகளைத் திருத்திவிட்டேன் என்றால் 1, மெஷினை ரீபூட் செய் என்றால் 2, இரண்டும் என்றால் 3.

சரி, இப்போதைய வேலைக்கு வருகிறேன். எங்கள் தயாரிப்பில் நாற்பத்துச் சொச்சம் கட்டளைகள். கையேட்டைச் சீர்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும், அதே பெயரில், அதே இடத்தில், ‘வெளியேறும் எண்’ பகுதி இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். சொல்ல ஒன்றுமில்லாத கட்டளைக்கும் வேண்டும். பகுதியே இல்லையென்றால் படிக்கிறவனுக்கு ‘ஒன்றும் இல்லை போல’ என்றும் தோன்றலாம், ‘எழுத மறந்துவிட்டார்கள்’ என்றும் தோன்றலாம்.

இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். பயனரை நீக்கும் கட்டளையிலேயே ஒரு வாரம் போனது. இல்லாத பயனரை நீக்கச் சொன்னால் என்ன தரும்? எழுதிய பையனைக் கேட்டேன். “1 தான் சார், எரர்தானே?” என்றான். டெஸ்டிங் பெண், “இல்ல, 0 வருது, நான் பாத்திருக்கேன்” என்றாள். ஓட்டிப் பார்த்தோம். பயனர் பெயர் தவறாக இருந்தால் 1. போன வாரம் நீக்கப்பட்ட பயனராக இருந்தால் 0. டேட்டாபேஸில் அவர் பெயர் இன்னும் மிச்சம் இருந்ததுதான் காரணம். யாரும் முடிவு செய்து வந்ததில்லை, தானாக அமைந்தது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஏன்பா இவ்வளவு பேச்சு, சைபர்னா சரி, மத்தது தப்புன்னு போட்டுட்டுப் போங்க” என்றார். கடைசியில் ‘பயனர் ஏற்கெனவே இல்லை’ என்பதற்கு 4 என்று ஒரு எண்ணை ஒதுக்கி, நிரலை மாற்றி, அப்புறம்தான் கையேட்டில் ஒரு வரி எழுத முடிந்தது. அந்த ஒரு வரிக்கு நிரலில் பதினேழு வரி மாறியது.

அதைவிடச் சிக்கல், தான் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவர் சொன்னதைக் கடத்திவிடும் கட்டளைகள். இங்கிருந்தே வேறொரு மெஷினில் கட்டளை ஓட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் நல்ல உதாரணம். அந்தப் பக்கத்து மெஷினில் ஓடிய கட்டளை என்ன எண் தந்ததோ அதையே இங்கே தரும், இணைப்பே கோளாறு என்றால் 255 தரும். அந்தப் பக்கத்துக் கட்டளையே 255 தந்தால்? பிரித்தறிய வழியில்லை. ஒரு பட்டியலை வாங்கி அதன்மேல் வேறொரு கட்டளையை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் இப்படிக் கடத்தாது, மொழிபெயர்த்துத்தான் சொல்லும்: ஓட்டிய கட்டளைகளில் ஏதாவது ஒன்று 1 முதல் 125 வரைக்குள் ஏதாவது தந்தால், தான் 123 தரும். கோப்புகளைக் கண்டுபிடிக்க ஃபைண்ட் போட்டு எக்ஸ்ஆர்க்ஸ் வழியாக கிரெப்பை ஓட்டி, தேடியது கிடைக்காவிட்டால் கைக்கு வருவது 123. கிரெப் கையேட்டில் எவ்வளவு தேடினாலும் அது இருக்காது. ஷெல்லின் பங்கும் உண்டு. கட்டளையே இல்லை என்றால் 127, இருக்கிறது ஆனால் ஓட்ட முடியாது என்றால் 126, நிறுத்தச் சொல்லும் சிக்னல் வந்து செத்தால் 128-ஓடு சிக்னல் எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மெமரி போதாமல் கெர்னல் 9-ஆம் சிக்னலால் அடித்துப் போட்டால் 137 வருவது இந்தக் கணக்கில்தான். ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும்படி கட்டளைகளைக் குழாய் போட்டு இணைத்தால் கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே மிஞ்சும், முன்னால் நின்றவர்கள் செத்தாலும் தெரியாது. இதைச் சரிசெய்யும் பைப்ஃபெயில் ஆப்ஷன் பாஷ் என்ற ஷெல்லில் பல வருடமாக இருந்தும், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்துக்குள் 2024 பதிப்பில்தான் நுழைந்தது.

ஆகவே எங்கள் கையேட்டில் இன்னொரு வரியும் சேர்ந்தது: இந்த எண் எங்களுடையது, இந்த எண் உள்ளே ஓடும் வேறு கட்டளையிலிருந்து வரலாம். எழுதும்போது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருந்தது, நம் வீட்டுச் சண்டையைத் தெருவில் சொல்கிற மாதிரி. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு அதுதான் அதிகம் உதவுகிறது என்று பிற்பாடு தெரிந்தது.

எல்லாம் முடிந்து மூன்று கட்டளைகள் மிச்சம். எழுதியவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டை நிரலைப் படித்தே கண்டுபிடித்துவிட்டேன். மூன்றாவது, தரவை ஒத்திசைக்கும் ஒரு பழைய ஸ்கிரிப்ட். எப்போதாவது ஒருமுறை 3 தரும். எங்கே தேடியும் அதில் 3 என்று எழுதப்படவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு இப்படி எழுதினேன்: ‘3 — எப்போதாவது வருகிறது. காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. வந்தால் லாகோடு தெரிவிக்கவும்.’ மேனேஜருக்கு அந்த வரி பிடிக்கவே இல்லை. கஸ்டமர் பார்த்தால் என்ன நினைப்பார் என்றார். வேறு வழியில்லாமல் விட்டுவிட்டார்.

போன மாதம் ஒருவர் லாகோடு வந்தார். உட்கார்ந்து படித்தோம். ஸ்கிரிப்டின் கடைசி வரி, ஒரு சர்வீஸ் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று, லினக்ஸில் சர்வீஸ்களை மேய்க்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையிடம் கேட்கிறது. ஓடாத சர்வீஸுக்கு அது தரும் எண் 3. கடைசிக் கட்டளையின் எண்தானே ஸ்கிரிப்டின் எண், அப்படியே வெளியே வந்திருக்கிறது. சரி, அதைப் பிடித்து எங்கள் வழக்கப்படி வேறு எண்ணாக மாற்றி, முறையாகக் கையேட்டில் போட்டுவிடலாம் என்று அவரிடம் சொன்னேன்.

“ஐயோ, மாத்திடாதீங்க சார்” என்றார். 3 வந்தால் சர்வீஸை ஸ்டார்ட் செய் என்று அவர் ஸ்கிரிப்டில் ஒரு வருடமாக எழுதி வைத்திருக்கிறாராம்.